கரை போடாத நேர்மைச்செடிகள்

1956 மே 13, ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் எல்சிக்கு,

இங்கே நான் சுகம், பூனை சுகம், முழங்கால் ஒன்றைத் தவிர உன் ஆர்தர் சித்தப்பாவும் சுகம். அங்கே நீயும் கோலினும் குளிர் இறங்குவதற்கு முன்பே கம்பளி உள்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உலகத்தின் மறுமுனையில் பெண்ணை வைத்துக்கொண்டிருப்பவள் நம்புவதைத் தவிர என்ன செய்ய முடியும். தட்டில் மிஞ்சிய பழக்கொட்டைகளை எண்ணுவதுபோல நீ எழுதுகிற வரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். போன கடிதத்தில் இருபத்தாறு வரி, அதில் எட்டு வரி சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. குழாய்க்கு எட்டு வரி கொடுத்தவள் நான் கேட்ட கேள்விக்கு அரை வரி கொடுக்கவில்லை.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். உன் அப்பாவின் பூவிதையில் முளைத்ததாக எழுதினாயே, அந்த நேர்மைச்செடி நாற்றுகளைப் பிடுங்கினாயா இல்லையா? இலையின் ஓரத்தில் வெள்ளைக் கரை இல்லாமல் வெறும் பச்சையாக முளைத்திருந்தால் அவை உன் அப்பாவின் செடிகள் அல்ல, யாரோ விதையை மாற்றிவிட்டார்கள், ஒன்று விடாமல் பிடுங்கி எரித்துவிடு என்று ஈஸ்டருக்கு அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். யாரோ என்று அப்போது மரியாதைக்கு எழுதினேன். இப்போது சொல்கிறேன், பக்கத்து வீட்டு மேட்ஜ் பார்ன்வெல்தான். வேறு யார்.

நான் எதையோ கற்பனை செய்துகொண்டு அலைகிறேன் என்று நீ கோலினிடம் சொல்வாய், எனக்குத் தெரியும், ஆகையால் வரிசையாகச் சொல்கிறேன். உன் அப்பா காலமான பிப்ரவரிக்குப் பிறகு வந்த மே மாதத்தில் அவர் கடைசியாக வைத்த செடிகள் சன்னலுக்குக் கீழே பூத்தன. எல்லார் வீட்டிலும் இருக்கும் ஊதா அல்ல, வெள்ளைப் பூ, ஒவ்வொரு இலைக்கும் வெள்ளைக் கரை. செப்டம்பரில் காய்கள் காய்ந்ததும் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். இரண்டு பக்கமும் தோல் உரிந்து நடுவில் அந்த வெள்ளித்தகடு வருகிறதே, அது ஒன்றுதான் தோட்டத்தில் நான் விரும்பிச் செய்த வேலை, மற்றதெல்லாம் அவர் பாடு. உதிர்ந்த விதையில் ஒரு பொட்டலம் உனக்குக் கப்பலில் அனுப்பினேன், அதைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போனவளும் மேட்ஜ்தான், நீ அதை ஒரு வருஷம் அலமாரியில் போட்டுவிட்டு வீடு மாறிய பிறகுதான் விதைத்தாய், அது வேறு கதை. மிச்சத்தைக் கோகோ டப்பாவில் போட்டு, அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சமையலறைத் தட்டில் வைத்தேன்.

போன வருஷம் மார்ச்சில் பித்தப்பைக் கல்லுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் அல்லவா. அப்போது பூனைக்குச் சோறு வைக்க வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது? மேட்ஜிடம். திரும்பி வந்து பார்க்கிறேன், டப்பாவின் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. பூனையா திருப்பும்? அன்றைக்கு மயக்க மருந்தின் மிச்சத்தில் இருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூனில் அவர் செய்வது மாதிரியே கோடு கிழித்து விதைத்தேன். நாற்பத்து மூன்று முளைத்தது. நாற்பத்து மூன்றும் பச்சை. ஜூலை முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்தேன், இடுப்பு போனதுதான் மிச்சம், ஒரு இலையில்கூட வெள்ளை இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் எல்லாவற்றையும் பிடுங்கிக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்ச் சந்துக் கோடியில் இருக்கும் குப்பைமேட்டில் வீசினேன். அன்றோடு அவளோடு பேச்சை நிறுத்தினேன். காரணம் சொல்லவில்லை. செய்தவளுக்குக் காரணம் தெரியும்.

ஏன் செய்தாள் என்று கேட்பாய். கோயிலில் உன் கல்யாண அறிவிப்பை இரண்டு ஞாயிறு ஊரறிய வாசித்து, மூன்றாவது ஞாயிறு வாசிப்பதற்குள் நீ அவள் மகன் பெர்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனாயே, அதை எந்தத் தாய் மறப்பாள்? மூன்றடுக்குக் கேக் சுட்டு பிராந்தி ஊற்றி ஊறவைத்திருந்தாள். அந்தக் கேக்கை அவர்கள் அடுத்த ஈஸ்டர் வரை தின்றார்கள். வெளியே சிரித்தாள், வேலிக்கு மேலே உன் அப்பாவோடு பேசுவதை ஒருநாளும் நிறுத்தவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் கணக்கு வைத்திருக்கிறாள் என்று. நான் அவள் இடத்தில் இருந்தால் மறந்திருக்கமாட்டேன்.

இன்னும் இருக்கிறது கேள். நான் பேச்சை நிறுத்திய பிறகு அவள் மூன்று தடவை வந்து கதவைத் தட்டினாள். தப்புச் செய்யாதவள் எதற்காகத் தட்ட வேண்டும்? நான் மாடிப்படியில் உட்கார்ந்து அவள் போகும்வரை மூச்சுவிடவில்லை. அப்புறம் தபால்காரர் ஜெரால்டு. ஏப்ரல் கடைசியில் அவர் பையிலிருந்து நீலநிற விமானக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டி அவள் வாசலுக்குப் போனார். முத்திரையை நான் பார்த்தேன், உங்கள் ஊர் முத்திரை. கூப்பிட்டுக் கேட்டேன். அந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “மிஸஸ் வின்வுட், யாருக்கு யார் எழுதுறாங்கன்னு நான் சொல்ல ஆரம்பிச்சா இந்த ஊர்ல ஒருத்தர் வீட்லயும் அடுப்பு எரியாது, ஆளை விடுங்க” என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பெர்சியோடு பட்டாளத்தில் இருந்த எவனாவது அங்கே வந்து உன்னை வேவு பார்க்கிறானோ என்றுகூட நினைத்தேன். புதிதாக யாரும் வீட்டுப் பக்கம் வந்தால் உள்ளே விடாதே.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை பூனை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் டாம்சன் பழமர வேலியின் மேல் ஏறிக்கொண்டு இறங்கத் தெரியாமல் கத்தியது. ஏணியை வைத்து ஏறினேன். ஆகஸ்டிலிருந்து அந்தப் பக்கம் நான் திரும்பியும் பார்த்ததில்லை. பூனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறேன், அவளுடைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பதினொரு செடி. இடுப்புயரம். வெள்ளைப் பூ, இலை இலையாக வெள்ளைக் கரை. எல்சி, ஏணியில் நின்றபடியே இரண்டு தடவை எண்ணினேன். உன் அப்பாவின் செடிகள். என் சன்னலுக்குக் கீழே வெறும் மண், அவள் வீட்டில் அவர் செடி பூத்துக் குலுங்குகிறது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. டப்பாவிலிருந்த நல்ல விதையை எடுத்துக்கொண்டு காட்டு விதையைப் போட்டு வைத்திருக்கிறாள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

வரும் சனிக்கிழமை பெந்தெகொஸ்தே திருநாளுக்குக் கோயிலை அலங்கரிக்க எல்லாரும் பூ கொண்டு வருவார்கள். அவளும் வருவாள். பாதிரியாரின் மனைவிக்கு முன்னால் வைத்தே கேட்கப் போகிறேன். புதுப் பாதிரியாரை எனக்கு இன்னும் பிடிபடவில்லை, காலுறை இல்லாமல் செருப்பு மாட்டிக்கொண்டு வருகிறார், ஆனால் அந்த அம்மா நியாயம் தெரிந்தவர். என்ன நடந்தது என்று எழுதிவிட்டே இதைத் தபாலில் சேர்ப்பேன். அதுவரை கடிதம் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும். நீ பிடுங்காமல் வைத்திருந்தால் இன்றே பிடுங்கு. அவள் விதை உன் மண்ணில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

மே 21, திங்கள்

எல்சி, பிடுங்காதே.

பேனாவை எடுத்ததும் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பிடுங்காதே, தொடாதே, கோலினைக் களைக்கொத்தோடு அந்தப் பக்கம் விடாதே. நீ பிடுங்கவில்லை என்று எனக்கு இப்போது தெரியும், எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், இருந்தாலும் என் கையால் எழுதி அனுப்பினால்தான் எனக்கு மனசு ஆறும்.

சனிக்கிழமை காலை என் பங்குக்கு லைலாக் பூவை வெட்டிக்கொண்டு போனேன். கோயிலின் பின்னறையில் பாதிரியாரின் மனைவி மிஸஸ் லேசி ஜாடிகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேட்ஜ் உள்ளே வந்தாள், கையில் நாலு கிளை, எல்லாம் வெள்ளைக் கரை. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. “திருட்டுப் பூவக் கொண்டாந்து ஆண்டவர் முன்னாடி வைக்கிறியே, கை கூசல?” என்று கேட்டுவிட்டேன். மிஸஸ் லேசியின் கையிலிருந்த ஜாடி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். மேட்ஜ் முதலில் புரியாமல் என்னையும் பூவையும் பார்த்தாள். அப்புறம் அவள் கழுத்து சிவந்து அது காதுவரை ஏறியது. அவள் கோபப்பட்டு நான் இந்த முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

“திருடுனேனா? நானா? போன ஆகஸ்டுல ஒரு கூடை நாத்த வேரோட பிடுங்கி சந்துக் குப்பையில கடாசிட்டுப் போனது யாருடி? நாய்க்குட்டியத் தூக்கி எறிஞ்ச மாதிரி வாடிக் கெடந்துச்சு. மண்ண ஒட்டவச்சுத் தூக்கிட்டுப் போய் நட்டேன். அதுக்கு வேர ஆட்டுனா ஆகாது, முக்காவாசி செத்துப் போச்சு. பதினொண்ணுதான் பொழைச்சுது” என்றாள். பொய் சொல்லாதே, நான் போட்டது வெறும் பச்சை, கரையே இல்லாதது என்றேன் நான். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபமெல்லாம் வடிந்துவிட்டது. “மொத வருஷம் எல்லாமே பச்சையாத்தான்டி இருக்கும் ஆடா. கரை போடுறது ரெண்டாவது வசந்தத்துலதான். வால்டர் உன்கிட்ட சொல்லவே இல்லியா?” என்றாள்.

நான் லைலாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா சொல்லவில்லை, எல்சி. அல்லது சொன்னபோது நான் கேட்கவில்லை. மேயில் பூவும் செப்டம்பரில் காயும்தான் எனக்குத் தெரியும், நடுவில் அவை எந்த நிறத்தில் இருந்தன என்று நான் எப்போது குனிந்து பார்த்தேன்? நாற்பத்து மூன்றும் அவருடையவை. அவர் கடைசியாக வைத்த செடிகளின் விதை. என் கையாலேயே பிடுங்கினேன். அப்போதும் என் வாய் அடங்கவில்லை, பார்த்துக்கொள், தெரிந்தால் வந்து சொல்லியிருக்கலாமே என்றேன். “மூணு தடவ வந்து தட்டுனேன். நீ படிக்கட்டுல உக்காந்திருந்த, உன் செருப்பு கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. என்னைக் கேக்காத, போ. உன் மககிட்டக் கேளு, அவளுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, பூவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மிஸஸ் லேசி துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். நியாயம் தெரிந்தவர் என்று சொன்னேன் அல்லவா, அந்த நியாயம் என் பக்கம் இல்லை என்பது அவர் துடைத்த விதத்திலேயே தெரிந்தது.

நேற்றுத் திருநாள் ஆராதனையில் பிரசங்கத்தின் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. அந்த நாலு கிளையும் பீடத்துக்கு இடப்பக்கம் நின்றன. உன் மகளிடம் கேள் என்றாளே, அது மட்டுமே மண்டைக்குள் சுற்றியது. நீல உறை, உங்கள் ஊர் முத்திரை. வேவுகாரன் யாரும் இல்லை, நீதான் எழுதியிருக்கிறாய். வெட்கமாக இருந்தது, அதைவிட வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இஞ்சிக் கேக்கில் பாதியை வெட்டித் துணியில் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்குப் போய்த் தட்டினேன். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். மூன்றாவது தடவைதான் திறந்தாள். எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

தப்பு என் பேரில் என்றேன். அவ்வளவுதான் வந்தது. “உள்ள வா, கேக்கு ஆறிடும்” என்றாள், அது சுட்டு இரண்டு நாள் ஆனது. தேநீர் ஊற்றிவிட்டு இழுப்பறையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படித்தேன். அம்மா பிடுங்கச் சொல்கிறாள், எனக்கு மனசு வரவில்லை, எல்லாம் பச்சையாக இருக்கின்றன, அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அம்மாவிடம் கேட்டால் உங்கள்மேல் கோபம் இன்னும் கூடும் என்று எழுதியிருந்தாய். அவள் மறுதபாலிலேயே பதில் போட்டுவிட்டாளாம், தொடாதே, உங்கள் ஊர் வசந்தம் வரட்டும் என்று. அப்புறம்தான் அந்த இழுப்பறையைப் பார்த்தேன். உன் கையெழுத்தில் ஒரு கட்டு. எப்போதிலிருந்து என்று கேட்டேன். “வால்டர் கண்ண மூடுன வாரத்துலேர்ந்து” என்றாள்.

உன் அப்பாவை அடக்கம் செய்த பிறகு நான் இரண்டு மாதம் பேனாவைத் தொடவில்லை. ஆர்தர் அடித்த தந்திக்குப் பிறகு உனக்கு யார் எழுதினார்கள், எந்தப் பாட்டு பாடினார்கள், மழை பெய்ததா, யார் யார் பெட்டியைத் தூக்கினார்கள் என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கியவர்களில் பெர்சியும் ஒருவன். அதையும் மறந்துபோயிருக்கிறேன் பார். கல்யாணத்தை நிறுத்தியதில் உனக்குக் கோபமே இல்லையா என்று அவளிடம் கேட்டேவிட்டேன். “இருந்துச்சு, கேக்கு தீருற வரைக்கும் இருந்துச்சு. அவ எனக்கு மருமகளா வராட்டி என்ன, சளியத் தொடச்சு வளத்த புள்ளடி” என்றாள். நான் அவள் இடத்தில் இருந்தால் மறந்திருக்கமாட்டேன் என்று முதல் பகுதியில் எழுதியிருக்கிறேன், திருப்பிப் படித்துப் பார்த்தேன். அதுதான் விஷயம் எல்சி. நான் என்ன செய்வேனோ அதையெல்லாம் அவள் செய்வாள் என்று நினைத்துவிட்டேன்.

டப்பாவை அவள் திருப்பி வைத்தது உண்மைதான். அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்ததாம், அதனால் திருப்பினாளாம். வேலிக்கு மேலே அவரோடு அவ்வளவு நேரம் என்ன பேசினாய் என்று இன்னொரு கேள்வியும் கேட்டேன், கேட்காமல் இருந்தால் நான் உன் அம்மா அல்ல. சிரித்துவிட்டாள். வருஷங்களுக்கு முன்னால் அவர் கொடுத்த நாற்றை அவளும் பச்சை என்று பிடுங்கிப் போட்டவளாம், அன்றைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இரண்டாம் வசந்தக் கதையைச் சொன்னாராம். எதற்கு வால்டர் இரண்டு வருஷம் காத்திருந்து இதைப் போய் வளர்க்கிறாய், லூப்பின் பூச்செடி வைத்தால் உடனே கண்ணுக்கு நிறைவாக இருக்குமே என்று கேட்டிருக்கிறாள். “எனக்கு அந்தப் பூ அவ்வளவாப் பிடிக்காது மேட்ஜ். ஆடாவுக்குக் காய உரிக்கப் பிடிக்கும். செப்டம்பர்ல அவ அதை உரிக்கிறப்போ மட்டுந்தான் யாரையும் சந்தேகப்படாம உக்காந்திருப்பா, அதப் பாக்குறதுக்காக வளக்குறேன்” என்றாராம். நான் அங்கேயே அழுதேன். கேக்கெல்லாம் ஈரம். மேட்ஜ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

நாலு கிளையை வெட்டியும் மேட்ஜின் செடிகளில் நிறையக் காய் இருக்கிறது, இப்போதே பச்சையாகத் தட்டையாகத் தொங்குகின்றன. செப்டம்பரில் இருவருமாக உட்கார்ந்து உரிப்பதாகப் பேசியிருக்கிறோம். விதையில் பாதி அவளுக்கு, பாதி என் டப்பாவுக்கு, இந்தத் தடவை சன்னலுக்குக் கீழே பச்சையாக முளைத்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். உங்கள் ஊரில் செப்டம்பர்தான் வசந்தம் என்பதால் உன்னுடையது அப்போது கரை போட ஆரம்பிக்கும் என்கிறாள். நாங்கள் இங்கே உரிக்கும்போது உனக்கு அங்கே வெள்ளை வரும். வந்த அன்றே எழுது, குழாயை விட்டுவிடு.

நீ நான் சொன்னதைக் கேட்காமல் போனதற்காகப் பிறந்ததிலிருந்து உன்னைத் திட்டியிருக்கிறேன். பெர்சி விஷயத்தில் திட்டினேன், கப்பல் விஷயத்தில் திட்டினேன். இந்த ஒரு தடவை கேட்காமல் இருந்தாயே, அதற்கு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. முன்னால் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், அப்படியே அனுப்புகிறேன், உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாததா.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. கோலினை அந்தக் குழாயை ஒழுங்காகச் சரிசெய்யச் சொல், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் தப்பில்லை. கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாராக, உன் வீட்டு மண்ணில் வைத்ததெல்லாம் தழைக்கட்டும். வரும் வசந்தம்வரை களைக்கொத்து கொட்டகையிலேயே கிடக்கட்டும், மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஆடா வின்வுட்

பின்குறிப்பு: மேட்ஜுக்கு எழுதுவதை நிறுத்திவிடாதே. நான் ஜெரால்டை இனி எதுவும் கேட்கப் போவதில்லை. எனக்கு எழுதுவதைவிட அவளுக்கு ஒரு பக்கம் குறைவாக எழுது, அது போதும்.